இராமானுஜன் பட்டியலின் கடைசி எண்

இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்குப் பொருளாக ஒரே ஓர் எண்ணை எடுத்துக்கொண்டிருக்கிறேன்: 6746328388800. நம் வழக்கில் வாசித்தால், ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. சீனிவாச இராமானுஜன் 1915இல் இலண்டன் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்ட நீண்ட கட்டுரையில், மிகு பகு எண்கள் என்று அவர் பெயரிட்டவற்றுக்கு ஓர் அட்டவணை உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள் உள்ள அந்த அட்டவணை இந்த எண்ணோடு முடிகிறது. இந்த ஆய்வுக்காகவே 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு இளங்கலைப் பட்டம் வழங்கியது. தனி எண்களின் இயல்பை ஆராய்வது பொழுதுபோக்கு என்றும், எல்லா எண்களுக்கும் பொதுவான தேற்றங்களே கணிதம் என்றும் கற்றவர்களிடையே ஓர் எண்ணம் நிலவுகிறது. அது சரியல்ல என்பதே என் வாதம். பொது விதிகள் எங்கே தொடங்குகின்றன, எங்கே உச்சம் தொடுகின்றன என்பதைக் குறிப்பிட்ட சில எண்களே முடிவு செய்கின்றன. அந்த எண்களை அறியாமல் விதியை முழுமையாகச் சொல்லவே முடியாது.

முதலில் எண்ணின் உள்ளமைப்பைப் பார்ப்போம். 2ஐ ஆறு முறையும், 3ஐ நான்கு முறையும், 5ஐயும் 7ஐயும் இரண்டிரண்டு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவற்றை ஒரு முறையும் எடுத்துப் பெருக்கினால் 6746328388800 கிடைக்கும். ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் அதன் வகுத்திகள். இந்த எண்ணின் ஒரு வகுத்தியை உருவாக்க, 2ஐ எத்தனை முறை சேர்ப்பது என்பதற்கு பூஜ்யம் முதல் ஆறு வரை ஏழு வழிகள், 3க்கு ஐந்து வழிகள், 5க்கும் 7க்கும் மும்மூன்று வழிகள், மற்ற ஐந்து பகா எண்களுக்கும் இரண்டிரண்டு வழிகள். அனைத்தையும் பெருக்கினால் 10080. இவ்வளவு வகுத்திகள், இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் கிடையாது. மிகு பகு எண் என்பதன் இலக்கணமே அதுதான்: தன்னைவிடச் சிறிய எண்கள் எல்லாவற்றையும்விட அதிக வகுத்திகள் உள்ள எண். எழுதும்போது நம் கண்ணில் படும் இலக்கங்களுக்கும் இந்த இயல்புக்கும் தொடர்பில்லை. கடைசியில் நிற்கும் இரண்டு பூஜ்யங்கள், 5 இரண்டு முறை வருவதன் விளைவு. வேறு அடிமானத்தில் எழுதினால் அவை மறைந்துவிடக்கூடும். 10080 வகுத்திகளோ எந்த அடிமானத்தில் எழுதினாலும் மாறுவதில்லை. எண்ணின் உண்மையான இயல்பு என்று நான் சொல்வது இப்படிப்பட்டவற்றை மட்டுமே.

10080 என்பது எவ்வளவு அசாதாரணமானது என்பதை உணர ஓர் அளவுகோல் வேண்டும். இந்த எண் வரையுள்ள எல்லா எண்களின் வகுத்திகளையும் எண்ணிச் சராசரி பார்த்தால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கணிதர் டிரிக்லே கண்ட சூத்திரப்படி ஏறத்தாழ 30 வரும். அந்தச் சராசரியும்கூட ஏமாற்றக்கூடியது. கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டியும் இராமானுஜனும் 1917இல் நிறுவிய தேற்றத்தின்படி, பெரும்பாலான எண்களின் வெவ்வேறு பகாக் காரணிகளின் எண்ணிக்கை, அந்த எண்ணின் இயல் மடக்கைக்கு மீண்டும் இயல் மடக்கை எடுத்தால் கிடைக்கும் மதிப்பை ஒட்டியே இருக்கும். நம் எண்ணின் அளவில் அந்த மதிப்பு சுமார் 3.4. ஆகவே, இந்த அளவிலுள்ள ஒரு சாதாரண எண்ணுக்கு மூன்று அல்லது நான்கு பகாக் காரணிகளும், பத்தை ஒட்டிய வகுத்திகளும்தான் எதிர்பார்க்க முடியும். சாதாரண எண்ணுக்குப் பத்து என்றால் சராசரி எப்படி முப்பது ஆகிறது? சிறுபான்மையான எண்களில் வகுத்திகள் மிக அதிகமாகக் குவிந்து சராசரியை மேலே இழுக்கின்றன. நம் எண்ணுக்கு ஒன்பது பகாக் காரணிகள். சராசரி என்ற பொதுக் கூற்றையே உருவாக்குவதில் இத்தகைய விதிவிலக்குகளுக்குப் பங்கு இருக்கிறது என்பதை இங்கேயே கவனத்தில் கொள்ள வேண்டும். விதிவிலக்கை ஒதுக்கிவிட்டால் விதியின் கணக்கே மாறிவிடும்.

இத்தனை வகுத்திகள் எப்படிச் சேர்ந்தன? ஒரே பகா எண்ணை அடுக்கிக்கொண்டே போவது ஒரு வழி. 2ஐ 42 முறை பெருக்கினால் 4398046511104 வருகிறது. அளவில் நம் எண்ணுக்கு அருகில்தான், ஆனால் வகுத்திகள் வெறும் 43. எதையும் ஒரு முறைக்கு மேல் எடுக்காமல் புதுப்புதுப் பகா எண்களாகச் சேர்ப்பது இன்னொரு வழி. 2 முதல் 37 வரையுள்ள பன்னிரண்டு பகா எண்களைப் பெருக்கினால் 7420738134810. அது நம் எண்ணைவிடப் பெரியது, வகுத்திகளோ 4096 மட்டுமே. இரண்டு வழிகளும் தோற்கின்றன. கையில் உள்ள பணத்துக்கு அதிகப் பொருள் வாங்க நினைப்பவர் ஒவ்வொரு கடையிலும் இன்னொரு ரூபாய்க்கு என்ன கிடைக்கும் என்று பார்ப்பதைப் போல, இங்கே ஒவ்வொரு பகா எண்ணுக்கும் விலையும் பயனும் பார்க்க வேண்டியிருக்கிறது. 23ஐச் சேர்த்தால் எண் 23 மடங்காகிறது, வகுத்திகள் இரட்டிக்கின்றன. 23ஐ விட்டுவிட்டு அதற்குப் பதிலாக இன்னொரு 2ஐயும் இன்னொரு 11ஐயும் சேர்த்தால் எண் சற்றுச் சிறியதாகும், ஆனால் வகுத்திகள் 8640 ஆகக் குறைந்துவிடும். ஒரு 2, ஒரு 3, ஒரு 5 ஆகியவற்றை எடுத்துவிட்டு 29ஐச் சேர்த்தாலும் எண் சிறியதாகும். அப்போது வகுத்திகள் 9216. எந்தப் பரிமாற்றத்தைச் செய்து எண்ணைச் சிறிதாக்கினாலும் வகுத்திகள் குறைந்தே தீர்கின்றன. இரண்டு பரிமாற்றங்கள் நிரூபணம் ஆகா, அது தெரிந்ததே. ஆனால் நிரூபணம் எந்த வழியில் போகும் என்பதை அவை காட்டுகின்றன.

இராமானுஜனின் கட்டுரை இந்தப் பரிமாற்றச் சிந்தனையிலிருந்தே எழுகிறது. மிகு பகு எண்ணில் பகா எண்கள் 2இல் தொடங்கி இடைவெளி இல்லாமல் வர வேண்டும். 19 இல்லாமல் 23 இருந்தால், 23ஐ நீக்கி 19ஐ வைத்து, அதே அளவு வகுத்திகள் உள்ள சிறிய எண்ணைப் பெற்றுவிடலாம். பகா எண்களை ஏறுவரிசையில் எழுதினால் அவற்றின் அடுக்குகள் இடமிருந்து வலமாக ஏறக் கூடாது. ஏறினால் இரண்டையும் இடம் மாற்றிச் சிறிய எண்ணைப் பெறலாம். இவை எளியவை. அடுத்து அவர் நிறுவியது, 4, 36 என்ற இரண்டைத் தவிர மற்ற எல்லா மிகு பகு எண்களிலும் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1 என்பது. இதற்குச் சற்று உழைப்பு வேண்டும். கட்டுரையின் உயிர்நாடி அதற்கும் அப்பால் இருக்கிறது. எண்ணின் அளவுக்கு ஒரு குறிப்பிட்ட விலை வைத்து, அந்த விலையில் வகுத்திகளின் பயன் மிக அதிகமாக இருக்கும் எண்ணைத் தேடினால், ஒவ்வொரு பகா எண்ணும் தனக்குரிய அடுக்கை மற்றவற்றைப் பாராமல் தானே முடிவு செய்துகொள்கிறது. ஒரு சிறு சூத்திரத்திலேயே விடை முழுவதும் அடங்கிவிடுகிறது. இப்படிக் கிடைப்பவை மிகு பகு எண்களுக்குள்ளும் மேலானவை. நம் எண் அவற்றில் ஒன்றல்ல. அதை 3ஆல் வகுத்தால் கிடைக்கும் 2248776129600 அவற்றில் ஒன்று. அதை 29ஆல் பெருக்கினால் வரும் 65214507758400 அடுத்தது. சூத்திரம் இந்த மேலான எண்களைத் தானாகவே தந்துவிடுகிறது. இடையில் வரும் மற்றவற்றைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

அந்தத் தேடலில்தான் ஒரு விடுபாடு நேர்ந்தது. அடுத்தடுத்த மிகு பகு எண்களைக் காண முயன்று பார்ப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை என்று இராமானுஜனே கட்டுரையில் சொல்லியிருக்கிறார். அப்படிக் கையால் தொகுத்த அட்டவணையில் 293318625600 என்ற ஒரே ஓர் எண் விடுபட்டுப் போயிற்று. அதன் வகுத்திகள் 5040. அதை 23ஆல் பெருக்கினால் வருவது 6746328388800! அட்டவணையின் கடைசி எண்ணிலிருந்து 23 என்ற காரணியை உருவிவிட்டால், விடுபட்ட எண் அப்படியே கைக்கு வருகிறது. இராமானுஜனின் பெருமையில் இதனால் எதுவும் குறைவதில்லை. கணிதத்தில் தேற்றமும் பட்டியலும் இருவேறு வகையான அறிவு என்பதை இந்த விடுபாடு தெளிவாக்குகிறது. மிகு பகு எண் ஒன்றின் உருவம் எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தேற்றம் கட்டாயப்படுத்துகிறது; அந்த உருவம் கொண்டவற்றில் எவை உண்மையில் வெல்கின்றன என்பதை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தால்தான் அறிய முடியும். தேற்றங்களில் பிழை இல்லை. 293318625600 அந்தத் தேற்றங்கள் விதித்த உருவத்துக்கு முற்றிலும் பொருந்துகிறது; பட்டியலில் இடம்பெறவில்லை, அவ்வளவே.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதலாவது வலுவானது, ஹார்டியின் எழுத்திலேயே அதன் வித்து இருக்கிறது. இராமானுஜனின் ஆய்வுகளைப் பற்றிச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய அறிக்கையில், கணித ஆராய்ச்சியின் முதன்மை ஓட்டத்திலிருந்து இந்தத் துறை ஒதுங்கி நிற்கிறது என்று அவர் குறிப்பிட்டார். அதைக் கையாண்ட திறமையை உச்சியில் வைத்துப் போற்றவும் செய்தார். அன்றைய நிலையில் அது நியாயமான மதிப்பீடு. வகுத்திகளின் எண்ணிக்கை எவ்வளவு வேகமாக வளரக்கூடும் என்பதற்கு ஸ்வீடன் நாட்டுக் கணிதர் விகெர்ட் 1907இலேயே பொது விடை தந்துவிட்டார். எண்ணின் இயல் மடக்கையை, அந்த மடக்கையின் மடக்கையால் வகுக்க வேண்டும். எண் பெரிதாகிக்கொண்டே போகும்போது, 2ஐ ஏறத்தாழ அத்தனை முறை பெருக்கினால் வருவதே வகுத்திகளின் உச்ச வரம்பு. பொது விடை கிடைத்துவிட்ட பிறகு தனி எண்களுக்கு என்ன வேலை? நம் எண்ணை அந்த விடையில் இட்டுப் பார்ப்போம். வகுத்தல் 8.7 தருகிறது, 2ஐ அத்தனை முறை பெருக்கினால் சுமார் 420தான் வருகிறது. உண்மையான எண்ணிக்கையோ 10080. பதின்மூன்று இலக்க எண்ணுக்குக்கூடப் பொது விடை இவ்வளவு தொலைவில் நிற்கிறது. 2ஐ எத்தனை முறை பெருக்கினால் 10080 வரும் என்று பார்த்தால் 13.3, விகெர்ட் விடையைப் போல 1.52 மடங்கு. இந்த மடங்கு எவ்வளவுதான் உயரக்கூடும்? பிரான்சின் நிகோலாவும் ராபினும் 1983இல் துல்லியமான விடை கண்டார்கள். எந்த எண்ணுக்கும் அது 1.5379…ஐத் தாண்டாது; அந்த உச்சத்தை எட்டுவது 6983776800 என்ற பத்து இலக்க எண். அதற்கு 2304 வகுத்திகள். அதுவும் இராமானுஜன் வகுத்த மேலான எண்களின் வரிசையைச் சேர்ந்தது. முடிவில்லாத எண்கள் அனைத்துக்குமான ஒரு சமனிலியின் எல்லையை ஒரு குறிப்பிட்ட எண் நிர்ணயிக்கிறது. அந்த எண்ணைக் கணக்கில் கொள்ளாமல் தேற்றத்தை எழுதவே முடியாது.

இதைவிட ஆழமான சான்று 5040. விடுபட்ட எண்ணின் வகுத்திகளின் எண்ணிக்கையாகச் சற்று முன் வந்த அதே 5040. 1 முதல் 10 வரை எல்லா எண்களாலும் வகுபடும் என்பதால் பிளேட்டோ தம் 'சட்டங்கள்' நூலில் ஓர் இலட்சிய நகருக்குரிய குடிகளின் தொகையாக அதைத் தேர்ந்தார். நமக்கு வேண்டியது வேறொன்று. ஓர் எண்ணின் வகுத்திகளை எல்லாம் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை எண்ணாலேயே வகுக்கலாம். எண்ணின் இயல் மடக்கைக்கு மீண்டும் மடக்கை எடுத்து, 1.781 என்று தொடங்கும் ஒரு மாறிலியால் பெருக்கவும் செய்யலாம். முதலாவது இரண்டாவதைவிடச் சிறியதாக இருக்குமா? 5040க்கு முதலாவது 3.838, இரண்டாவது 3.817, இருக்கவில்லை. நம் 6746328388800க்கு முதலாவது 5.84, இரண்டாவது 6.03, இருக்கிறது. 5040க்கு மேற்பட்ட எல்லா எண்களுக்கும் முதலாவது சிறியதாகவே இருக்கும் என்று சொல்வதும், ரீமான் கருதுகோள் உண்மை என்று சொல்வதும் ஒன்றே என ராபின் 1984இல் நிரூபித்தார். பகா எண்களின் பரவலைப் பற்றிய, இன்றுவரை தீராத மிகப் பெரிய கணிதச் சிக்கல் ரீமான் கருதுகோள். அதன் வாசலில் 5040 நிற்கிறது. இராமானுஜன் இந்த வழியில் எவ்வளவு தூரம் போயிருந்தார் என்பது 1915 கட்டுரையில் தெரியாது. போர்க்காலத்தில் இலண்டன் கணிதக் கழகத்துக்குப் பணத் தட்டுப்பாடு இருந்ததால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறவில்லை. நிகோலாவும் ராபினும் குறிப்புகளோடு பதிப்பித்து, 1997இல் 'இராமானுஜன் ஜர்னல்' ஆய்விதழில் அது முறையாக வெளிவந்தது. ரீமான் கருதுகோளை ஏற்றுக்கொண்டால் போதிய அளவு பெரிய எண்கள் எல்லாவற்றுக்கும் இந்தச் சமனிலி நிற்கும் என்ற முடிவு அந்தப் பகுதியில் இருக்கிறது. முதன்மை ஓட்டத்திலிருந்து ஒதுங்கியதாகத் தோன்றிய கால்வாய், ஆற்றின் ஊற்றுக்கண்ணுக்கே போய்ச் சேர்ந்தது.

இரண்டாவது எதிர்வாதம் இன்றைய காலத்துக்குரியது. கணினி சில நொடிகளில் செய்துவிடும் வேலைக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்கிறார்கள். கணினி அதைச் செய்வது உண்மைதான். ஆனால் 6746328388800 வரையுள்ள எண்களை ஒவ்வொன்றாக எடுத்து வகுத்திகளை எண்ணிக்கொண்டு எந்தக் கணினியும் சில நொடிகளில் முடிப்பதில்லை. 31க்கு மேற்பட்ட பகா எண் எதுவும் தேவைப்படாது, ஏனெனில் 37 வரையுள்ளவற்றின் பெருக்கலே வரம்பைத் தாண்டிவிடுகிறது. அடுக்குகள் இறங்குமுகமாகவே வர வேண்டும். பெரும்பாலும் கடைசி அடுக்கு 1 ஆக இருக்க வேண்டும். இவ்வாறு தேடற்களத்தை மிகச் சிறியதாகச் சுருக்கிய பிறகுதான் கணினி வேகமாக முடிக்கிறது. அந்தச் சுருக்கம் 1915 கட்டுரையில் இருக்கிறது. விடுபட்ட ஓர் எண்ணைக் கண்டுபிடிக்கக் கணினி உதவும். எங்கே தேட வேண்டும் என்பதைத் தேற்றமே அதற்குச் சொல்லித்தர வேண்டும்.

மூன்றாவதை எதிர்வாதம் என்பதைவிட நம் மண்ணில் வேரூன்றிய பழக்கம் என்று சொல்லலாம். இராமானுஜனின் எண்களைத் தெய்வ வரமாகவும், விளக்கத்துக்கு அப்பாற்பட்ட உள்ளொளியாகவும் பேசி மகிழ்கிறோம். அவருடைய இறைப்பற்றைப் பற்றி எனக்கு வேறு கருத்து இல்லை, அது அவருடையது. ஆனால் மிகு பகு எண்கள் பற்றிய கட்டுரை அறுபது பக்கத்துக்கு மேல் ஓடும், வரிக்கு வரி நிரூபணம் உள்ள கட்டுரை. தொடக்கப் பகுதிகளைப் பின்தொடர மேல்நிலைப் பள்ளிக் கணிதமே போதும். ஹார்டி வந்த டாக்சியின் எண்ணான 1729 பற்றிய கதையை ஒவ்வொரு மேடையிலும் சொல்கிறோம். 23ஐ நீக்கி 19ஐ வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு மாணவியைத் தாளில் எழுதிப் பார்க்கச் சொல்வதில்லை. அப்படிச் செய்தால் இராமானுஜன் எப்படிச் சிந்தித்தார் என்பது அவளுக்கு நேரடியாகவே தெரிந்துவிடும். அவரை மதிக்கும் வழிகளில் இதை நான் முதலில் வைக்கிறேன்.

கட்டுரையின் இறுதியில் இராமானுஜன் இன்னொரு கேள்வியைத் தொடுகிறார். ஓர் எண்ணின் வகுத்திகளின் எண்ணிக்கையும் ஓர் எண்தானே, அதற்கு எத்தனை வகுத்திகள்? நம் எண்ணில் தொடங்கினால் 10080. அதன் வகுத்திகள் 72. பிறகு 12, 6, 4, 3, 2. முதல் படியைத் தாண்டியதும் எவ்வளவு விரைவாகச் சரிகிறது பாருங்கள். இந்த இரண்டாம் படியின் எண்ணிக்கை உச்சத்தில் எவ்வளவு பெரிதாகக்கூடும்? இங்கே மிகு பகு எண்கள் உதவவில்லை. 2ஐ ஒரு முறை, 3ஐ இரண்டு முறை, 5ஐ நான்கு முறை, 7ஐ ஆறு முறை என்று அடுக்குகள் ஏறிக்கொண்டே போகும் எண்களை அவர் எடுத்தார். முதல் படியில் 2, 3, 5, 7 ஆகியவற்றின் பெருக்கலே வகுத்திகளின் எண்ணிக்கையாக வந்துவிடுவதால் இரண்டாம் படி செழிக்கிறது. மிகு பகு எண்ணில் இறங்க வேண்டிய அடுக்குகள் இங்கே ஏறுகின்றன. இதுதான் உச்சமா என்பதை அவர் முடிவாக்கவில்லை. பின்வந்த கணிதர்களான எர்டோஷ், காட்டாய் ஆகியோர் கைகளிலும் அந்தக் கேள்வி தங்கியிருந்தது. 2012இல் புட்கெவிட்ஸ், எல்ஷோல்ட்ஸ், ஃபோர்ட், ஷ்லாகே-புக்டா என்ற நால்வர் அதைத் தீர்த்தார்கள். இராமானுஜனின் எடுத்துக்காட்டு காட்டிய வளர்ச்சியின் வடிவம் சரியானது. அதில் வரும் மாறிலிதான் அவருடைய எண்கள் தருவதைவிடப் பெரியது என்பது அவர்கள் கண்ட விடை.